சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு விநோதமான சட்டம் இருந்தது. கண்ணால் பார்க்காத எதையும் உதாரணமாக எழுதக் கூடாது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் போட்டால் அதன் கீழே ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தில் நடப்பது எழுதுகிறவர் முன்னால் நடந்திருக்க வேண்டும். பூனை மரத்தில் ஏறியது என்று எழுத ஆசைப்பட்டால் முதலில் ஒரு பூனையைத் தேட வேண்டும். அப்புறம் அதற்கு மனது வரும்வரை மரத்தடியில் காத்துக் கிடக்க வேண்டும். அலுவலகத்தை ஆரம்பித்த பெரியவர் வைத்த சட்டம் இது. பெரியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சட்டம் மட்டும் குத்துக்கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலிய அர்த்தம் சொல்லும் அகராதி அது. அதில் 'எக்ஸீட்' என்கிற வினைச்சொல், அலுவலகத்தில் எல்லோரும் வேலி என்று கூப்பிடுகிறவனின் பங்குக்கு வந்தது. அளவை மீறுவது, எல்லையைத் தாண்டுவது, ஒன்றை விஞ்சுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். செய்தி கேட்டு அலுவலகமே சிரித்தது. ஏனென்றால் வேலி என்பது அவனுடைய பெயர் இல்லை, குணம். வண்டி வாசனையே இல்லாத தெருவில்கூட பச்சை விளக்கு எரியும்வரை நிற்பான். பின்னால் வந்த நாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போய்விடும். படிவத்தில் ஒரு கட்டம் கொடுத்திருந்தால் கையெழுத்தின் வால் அந்தக் கட்டத்துக்கு வெளியே வராது. அப்படிப்பட்ட ஆளிடம் போய் எல்லை மீறலை ஒப்படைத்தால் எப்படி இருக்கும்?

வேலி அசரவில்லை. கைப்பையைத் தூக்கிக்கொண்டு மீறல்களைத் தேடி ஊர் சுற்றினான்.

முதலில் அகப்பட்டது அலுவலக லிஃப்ட். உள்ளே நெருக்கியடித்து நின்றிருந்த கூட்டத்தோடு கணக்குப் பிரிவுக்காரரும் ஒரு காலை வைத்தார். லிஃப்ட் வீறிட்டது. காலை எடுத்தார், நின்றது. மறுபடி வைத்தார், மறுபடி வீறிட்டது. இது 'சூப்பெராரே': எடை, வேகம், எண்ணிக்கை இவற்றில் அளவைக் கடப்பது. அடுத்தது 'எச்சேதெரே': குடி, செலவு, பேச்சு என்று எதிலாவது மிதமிஞ்சிப் போவது. அதற்கு மைத்துனன் போதும். அவன் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்தால் மாடிப்படியில் இருக்கும்போதே வீட்டுக்குள் எல்லோருக்கும் தும்மல் வரும். 'ஓல்த்ரெபஸ்ஸாரே' என்பது கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவது. ரயில் நடைமேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று எட்டிப் பார்த்த ஒருவரைக் காவலர் விசில் ஊதி விரட்டினார். வேலி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குறித்துக்கொண்டான். கடைசியாக 'ஸ்ஃபொராரே': நிகழ்ச்சி ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போவது. இதற்கு இயக்குநரின் பிரிவு உபசார உரை. விடைபெறுகிறேன் என்று அவர் சொன்ன பிறகு பேசியதுதான் அதிகம்.

நாலையும் சுத்தமாக எழுதி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அக்கா என்றால் அலுவலகத்துக்கே அக்கா. இத்தாலிய மொழி பேசும் வீட்டில் பிறந்தவள். இத்தாலியப் பக்கம் எல்லாவற்றுக்கும் அவளுடைய சம்மதம் வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தாள். லிஃப்ட் வந்த இடத்தில் சிரித்தாள். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"தம்பி, இது அகராதியா, புகார்ப் பெட்டியா?"

"ஏங்கா?"

"எல்லாமே குத்தம். ஒருத்தன் அதிகமாப் பேசினான், ஒருத்தன் அதிகமாப் பூசினான். சூப்பெராரேக்கு இன்னொரு முகம் இருக்கு. நெனைச்சதுக்கு மேல ஒருத்தர் செஞ்சு காட்டினா அதுக்கும் எங்க வீட்டுல அதே சொல்லுதான். மலை மாதிரி வந்த கஷ்டத்தத் தாண்டி வந்தாலும் அதேதான். அது எங்க?"

வேலி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவனுக்கே சங்கடமாக இருந்தது.

"நல்ல விதமா எல்லையத் தாண்டினத நான் பார்த்ததே இல்லக்கா."

"பார்த்துட்டு வா. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது" என்றாள் அக்கா.

வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. மேசை முழுக்கப் பாலத்தின் வரைபடங்கள். மனைவி அதன்மேல் கவிழ்ந்து படுக்காத குறையாக உட்கார்ந்திருந்தாள். பாலம் கட்டும் பொறியாளர் அவள். எத்தனையோ பாலங்களில் மற்றவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவளுக்கு, முதன்முறையாகத் தனியாக ஒன்று கிடைத்திருந்தது. மருத்துவமனைக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவில் ஓடும் கால்வாய்மேல் நடைபாலம். சின்னப் பாலம்தான். ஆனால் மேலதிகாரிகள் இவளுடைய தோளுக்குமேல் எட்டிப் பார்த்துத் திருத்தாத பாலம். ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பாரச் சோதனை. பாலத்தின் மேல் மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். பாலம் எவ்வளவு கீழே வளைகிறது என்று அடியில் இருக்கும் கருவி காட்டும். கணக்குக்குள் வளைந்து, பாரத்தை எடுத்ததும் திரும்பி நிமிர்ந்தால் பாலம் திறக்கப்படும். நிமிராவிட்டால் பிரித்துப் போட வேண்டியதுதான். அதற்கப்புறம் அவளை நம்பி யாரும் ஒரு பாலம் கொடுக்கமாட்டார்கள்.

"கருவிய யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டான்.

"நான்தான்."

"எங்க நின்னு?"

"அடியில நின்னுதான். வேற எங்க?"

வேலிக்குத் தண்ணீர் புரையேறியது. "வேற ஆளே கிடைக்கலையா?"

"வரைஞ்சவங்கதான் அடியில நிக்கணும். எங்க ஆபீஸ்ல அதான் வழக்கம். நீங்க கண்ணால பார்க்காம எழுதறதில்ல, நாங்க கீழ நிக்காம கையெழுத்துப் போடறதில்ல."

"விழுந்துட்டா?"

"பக்கத்துலயே இரும்புச் சட்டம் நிறுத்தியிருக்கோம். விழுந்தா அது தாங்கிக்கும்."

"அப்ப விழும்னு உனக்கே சந்தேகம் இருக்கு."

"விழாதுன்னுதான் கட்டினேன். விழுந்தாலும்னுதான் சட்டம் வெச்சேன். ரெண்டும் வேற வேற. கைய எடுங்க, படத்து மேல தண்ணி சிந்துது."

அந்த வாரம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஞாயிறு விடிந்தபோது மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. வேலியும் கிளம்பி வந்துவிட்டான். உதாரணத்துக்காக என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கால்வாயில் தண்ணீரை அடைத்திருந்தார்கள். காய்ந்தும் காயாத சேற்றுத் தரையில் மனைவி மழைக்காலப் பூட்ஸும் மஞ்சள் தலைக்கவசமுமாக நின்றாள். அவளுக்குத் தலைக்குமேல் பாலம். பாலத்தின் வயிற்றைத் தொட்டபடி, ஒரு கம்பத்தின் நுனியில் கடிகாரம் போல வட்ட முகமுள்ள கருவி. அதன் கண்ணாடியில் அவளே இரண்டு கோடுகள் போட்டிருந்தாள். சிவப்புக் கோட்டுக்கு மேல் ஊசி போகக் கூடாது. பாரத்தை எடுத்த பிறகு பச்சைக் கோட்டைத் தாண்டி ஊசி திரும்பி வந்தாக வேண்டும். கரையில் ஆட்களைத் தடுக்க ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. வேலி அதற்கு வெளியே, கயிறு தன்மேல் படாத தூரத்தில் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் ஊசிகூட மங்கலாகத் தெரிந்தது.

ஆட்கள் கைவண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரு பக்கத்திலிருந்தும் பாலத்தின் மேல் போனார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் எடையைச் சாயத்தால் எழுதியிருந்தது. ஒரு வரிசை அடுக்குவார்கள், நிறுத்துவார்கள், மனைவி ஊசியைப் பார்த்துக் கம்பியில்லாப் பேசியில் ஓர் எண்ணைச் சொல்வாள், மேலே மேற்பார்வையாளர் எழுதிக்கொள்வார். அப்புறம் அடுத்த வரிசை. எல்லாம் கணக்குப் பிசகாமல் நடந்தது. வேலிக்குப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது. இவ்வளவு பெரிய இரும்பு, கண்ணுக்கே தெரியாமல், சொன்னபடி சொன்ன அளவுக்கு வளைகிறது என்பதே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தன்னைப்போல ஒரு பாலம் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

கடைசி வரிசை வந்தபோது வண்டி தள்ளியவர்களில் ஒருவர் முனகினார். "என்னப்பா, மூட்டை இந்தக் கனம் கனக்குது."

"ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சுப் பந்தாட்டம் பார்த்தா எல்லாமே கனக்கும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைகள் ஏறின.

பாலத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுக்கும்போது கட்டில் போடும் சத்தம்தான். ஆனால் மேலே சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. வேலி ஊசியைப் பார்த்தான். அது சிவப்புக் கோட்டைத் தொட்டது. நிற்கும் என்று நினைத்தான். நிற்கவில்லை. தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

மேற்பார்வையாளர் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார். "அம்மா, ஊசி என்ன சொல்லுது?"

"தாண்டிருச்சு" என்றாள் அவள்.

"வெளிய வந்துருங்க."

அவள் வரவில்லை. பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, கடையில் பட்டியல் சொல்கிற குரலில் பேசினாள். "யாரும் ஓட வேண்டாம். யாரும் எதையும் இப்ப எடுக்கவும் வேண்டாம். நின்ன எடத்துல நில்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

அந்த நிமிடத்தில் வேலி என்ன யோசித்தான் என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. ஒன்றும் யோசிக்கவில்லை என்பதுதான் நிஜம். கயிறு இடுப்பில் இடித்தது. குனிந்து நுழைந்தான். சரிவில் பாதி நடந்து பாதி வழுக்கி, கால்சட்டையெல்லாம் சேறாகிக் கால்வாய்க்குள் இறங்கினான். பின்னாலிருந்து யாரோ விசில் ஊதினார்கள். ஊதட்டும். நேராகப் பாலத்தடிக்குப் போய் மனைவி பக்கத்தில் நின்றான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

தள்ளி நின்றான். அப்போது அவளுடைய தலைக்கவசத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் இன்னொரு சொட்டு. விரலால் துடைத்து, அந்த விரலை உற்றுப் பார்த்தாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பாலத்தின் பலகை இடுக்குகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விரலில் மணல் ஒட்டியிருந்தது.

"மூட்டையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?" என்று பேசியில் கேட்டாள்.

"கரையிலதாம்மா. தார்ப்பாய் போட்டு நல்லா மூடியிருந்தோமே."

"மேலதான மூடினீங்க. அடியில தண்ணி நின்னுச்சா?"

மேற்பார்வையாளர் கரையைத் திரும்பிப் பார்த்தார்.

"கரையில மிச்சம் இருக்கற மூட்டையில ஒண்ண எடைபோடுங்க. அடி மூட்டையா எடுத்துப் போடுங்க."

எடை போட்டார்கள். காய்ந்த மணலாக இருந்தபோது மூட்டைமேல் எழுதிய எடையை நம்பி எல்லோரும் அடுக்கியிருந்தார்கள். மழைத் தண்ணீரில் ஊறிக் கிடந்த அடி மூட்டைகள் கிட்டத்தட்டக் கால் பங்கு கூடுதலாகக் கனத்தன. கடைசியாக மேலே போனவை எல்லாம் அந்த அடி மூட்டைகள்தான். அவள் உள்ளங்கையில் பேனாவால் விறுவிறுவென்று கணக்குப் போட்டாள். போட்டுவிட்டுக் கருவியைப் பார்த்தாள். பாலத்தின்மேல் உண்மையில் இருக்கும் பாரத்துக்கு ஊசி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றது. பாலம் தப்பே செய்யவில்லை. கேட்டதற்கு மேல் எவ்வளவோ சுமந்துகொண்டு, வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப பயமில்லையா?" என்றான் வேலி.

"இனிமேதான் இருக்கு. இவ்வளவு வளைஞ்சது திரும்பி நிமிரணும். நிமிரலைன்னா உள்ள எங்கயோ முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம். யாரு தப்பா இருந்தாலும் பாலம் போச்சு."

ரெண்டு பக்கமும் சமமாக, ஒவ்வொன்றாக, நடுவிலிருந்து எடுக்கச் சொன்னாள். மூட்டைகள் இறங்கத் தொடங்கின. வண்டிச் சக்கரங்கள் தலைக்குமேல் உருண்டன. கடைசி வண்டியும் இறங்கி, கடைசி ஆளும் கரை சேர்ந்த பிறகு கால்வாய்க்குள் ஒரு சத்தமும் இல்லை.

ஊசி கிளம்பியது. யாரும் அதைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. வேலி கண்கொட்டாமல் பார்த்தான். நடுவழியில் அது தயங்குகிறது போல இருந்தது. மறுபடி நகர்ந்தது. தலைக்குமேல் அவ்வளவு இரும்பும் மெல்ல, மெல்ல, தன் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயிலில் நிற்கும்போதுகூட இப்படி அவனுக்குக் கைகூப்பத் தோன்றியதில்லை. இது பயந்து அடங்குகிற அடக்கம் இல்லை, அளவுக்கு மேல் சுமந்தும் நிமிர்கிற பலம். தன்னைப்போல ஒரு பாலம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய பிதற்றல் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஊசி பச்சைக் கோட்டைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போய், ஆரம்பித்த இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது.

மனைவி எண்ணைச் சொன்னாள். மேலே மேற்பார்வையாளர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். அப்புறம்தான் கைதட்டல் கேட்டது. அவள் தட்டவில்லை. சேற்றிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வேலி அவள் தலைக்கவசத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி துடைத்தாள். அப்புறம் தாளுக்குக் கை நீட்டினாள். சூப்பெராரேக்குக் கீழே வேலி இரண்டு வாக்கியங்கள் எழுதியிருந்தான். ஒன்று, தன்னிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமான பாரத்தைத் தாங்கிய பாலத்தைப் பற்றி. இன்னொன்று, பாலம் வளைந்தபோதும் அதன் அடியில் நின்ற பெண்ணைப் பற்றி.

"ஒண்ணுதான் போட முடியும்" என்றாள் அக்கா.

"எனக்கும் தெரியும்க்கா. எத எடுக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா பேனாவை எடுத்துப் பாலத்தைப் பற்றிய வாக்கியத்தை அடித்தாள்.

"ஏங்கா? பாலம்தான தாங்குச்சு?"

"பாலத்துக்கு இரும்பு இருந்துச்சு தம்பி. அவளுக்கு என்ன இருந்துச்சு?"

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வேலி அந்தக் கேள்வியை வேறு விதமாக மனைவியிடமே கேட்டான். அவள் குழாயடியில் பூட்ஸிலிருந்து காய்ந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஊசி தாண்டினதும் மேற்பார்வையாளர் கூப்பிட்டாரே, நீ ஏன் வெளிய வரல?"

"நான் ஓடினா மேல இருக்கறவங்களும் ஓடுவாங்க. கையில இருக்கற மூட்டையப் போட்ட எடத்துல போட்டுட்டு ஓடுவாங்க. பாரம் ஒரு பக்கமா சாஞ்சுரும். நான் கீழ நின்னாத்தான் அவங்க மேல நிப்பாங்க."

"பயமா இல்லையா?"

"இல்லாம? காலு வெடவெடன்னு ஆடுச்சு. பூட்ஸ் போட்டிருந்தனால யாருக்கும் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "என் பயம் இருக்கட்டும். கயித்தத் தாண்டி வந்தீங்களே, அத அறிக்கையில எழுதிட்டேன். பார்வையாளர் ஒருத்தர் தடுப்பத் தாண்டி உள்ள வந்தார்னு. எழுதாம விட முடியாது."

"எழுத வேண்டியதுதான். நடந்ததுதான" என்றான் வேலி. வாழ்க்கையில் முதல்முறையாக அவன்மேல் ஒரு புகார் எழுதப்பட்டிருந்தது. அவனுக்கு வருத்தமாகவே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அவ்வளவு அவசரமா எறங்கி வந்தேன். நீ பாட்டுக்கு, தள்ளி நில்லுங்கன்னுட்ட."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளி நிக்கத்தான சொன்னேன்" என்றாள். "போயிருங்கன்னு சொல்லலையே."